எப்பம் மூடுவிய?

செப்டம்பர் 27, புதன்

பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. காலையில் காபிக்குப் பால் வைத்திருக்கும்போதே மஞ்சள் இயந்திரம் வாசலில் நின்று உறும ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் எங்கள் படியை ஒட்டி ஆள் ஆழத்துக்குக் குழி. உள்ளே குழாயை இறக்கிவிட்டு, மண்ணைத் தெரு நடுவில் குவித்துவிட்டு, நாங்கள் தெருவில் இறங்க ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மேஸ்திரி பெயர் பால்துரை. தலையில் துண்டு, வாய் நிறைய வெற்றிலை. "எப்பம் மூடுவிய?" என்று கேட்டேன். "ரெண்டு நாள்ல மூடிருவோம்க்கா" என்றார்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மகள் பகவதி வருகிறாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து மாமியார் வீட்டிலிருந்து இங்கே அழைத்துவருகிறோம். டாக்டரம்மா நவம்பர் பத்து என்று சொல்லிவிட்டு, "முன்ன பின்ன ஆகும்" என்றும் சொல்லியிருக்கிறாள். குழந்தைக்கு அந்தச் சலுகை உண்டு. மேஸ்திரிக்குக் கிடையாது.

செப்டம்பர் 29, வெள்ளி

மகள் வந்துவிட்டாள். ஆட்டோ தெரு முனையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மண்மேட்டைச் சுற்றி, சேறு மிதித்து, பலகை ஏறி வந்தாள். முகம் வட்டமாகி, நடை மாறி, என் பிள்ளையா இது என்று இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

பால்துரை ஒன்று செய்தார். அவள் வயிற்றைப் பார்த்ததும் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, ரெண்டு ஆட்களைப் பலகையின் ரெண்டு முனையிலும் உட்காரச் சொன்னார். "மெதுவா வா தாயி" என்றார். அவள் உள்ளே போனதும் ஆட்களெல்லாம் மம்பட்டியைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. வேலை செய்ய மனசில்லாதவனுக்குப் பிள்ளைத்தாய்ச்சி வந்தது ஒரு சாக்கு.

அக்டோபர் 3, செவ்வாய்

ரெண்டு நாள் போய்விட்டது. கேட்டால் இன்றைக்கும் "ரெண்டு நாள்ல" என்கிறார்.

நான் முன்சீப் கோர்ட்டில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவள். கோர்ட்டைப் பற்றி ஊரில் ஆயிரம் சொல்வார்கள். இழுத்தடிப்பார்கள், வழக்குப் போட்டவன் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வாய்தா போட்டால் ஒரு தேதி போடுவோம். அந்தத் தேதியில் ஆள் வந்து நிற்பான். ஊருக்குள்தான் தேதியே இல்லாமல் வாய்தா கொடுக்கிறார்கள். "இன்னா வந்துட்டேன்" என்றால் இன்னும் சட்டை போடவில்லை என்று அர்த்தம். "சாயங்காலமா வாரேன்" என்றால் இன்றைக்கு வரமாட்டேன். "ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்" என்றால் சாப்பாட்டுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "பாத்துக்கிடலாம்" என்றார். இவர் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம். நீ பார்த்துக்கொள்.

அக்டோபர் 9, திங்கள்

கொழுந்துவிட்டு எரிகிறது எனக்கு. கிழக்கேயிருந்து மூடிக்கொண்டே வந்தவர்கள் மரியபுஷ்பம் டீச்சர் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். மேற்கேயிருந்து மாவு மில் வரைக்கும் மூடியாகிவிட்டது. நடுவில் எங்கள் வாசல் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது!

"எங்க வீடு மட்டும் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது?"

"அமாவாசை கழியட்டும்க்கா."

"டீச்சர் வீட்டுக் குழிக்கு அமாவாசை கிடையாதா?"

வெற்றிலையைத் துப்பப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வாரம் நான் சத்தம் போட்டதற்குப் பழி வாங்குகிறார். வேறென்ன. டீச்சரிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா. பொறுத்ததே பொறுத்திய. பிள்ளைக்கு மீன் குழம்பு வச்சுக் கொண்டாரேன்" என்றாள். குழிக்கும் மீன் குழம்புக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தெருவில் கொஞ்ச நாளாக எல்லாரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

இன்று அமாவாசை. நாளைக்குக் கழிந்துவிடும். பார்க்கிறேன்.

அக்டோபர் 16, திங்கள்

கழிந்தது. மூடவில்லை. பாதாளச் சாக்கடை ஆபீசுக்கே போய்விட்டேன். மேசைக்குப் பின்னால் சின்னப் பையன் ஒருவன், இன்ஜினியர், மீசை இப்போதுதான் தடிக்கிறது.

"ப்ராசஸ்ல இருக்கு மேடம். விரைவில் முடிச்சிருவோம்."

"விரைவில்னா காலண்டர்ல எந்தக் கிழமை தம்பி?"

பாவம், திரும்பிச் சுவர்க் காலண்டரை நிஜமாகவே பார்த்தான். பிறகு பால்துரைக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ சொன்னார்கள். இவன் "ம்... ம்... அப்படியா?" என்றான். போனை வைத்ததும் எழுந்து நின்றுவிட்டான். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "தீவாளி கழியட்டும் மேடம். கட்டாயம் செஞ்சிருவோம்" என்றான்.

தீபாவளி நவம்பர் பன்னிரண்டு! பிரசவமோ நவம்பர் பத்து, முன்ன பின்ன. "எம் மவ வலி எடுத்து அந்தப் பலகையிலயா நடப்பா?" என்று மேசையில் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லபடியா நடக்கும் மேடம்" என்றான். இவனிடம் நான் ஆசீர்வாதமா கேட்டேன்? மண் கேட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

ஐப்பசி பிறந்த கையோடு மழை. குழியில் முழங்கால் தண்ணீர். கேட் தூண் அடியில் மண் கரைந்து தூண் லேசாகச் சாய்கிறது.

சம்பந்தியம்மாள் கனியம்மாள் மதினி வந்தாள். பணியாரமும் அதிரசமும் ஒரு வாளி நிறைய. பலகைக்கு அந்தப் பக்கம் நின்று பால்துரையிடம் வெகுநேரம் பேசினாள். எங்களுக்காகச் சண்டை போடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்லுதாரு மதினி?"

"கோவப்படாதிய. எல்லாம் ஆகவேண்டிய நேரத்துல ஆகும். பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல சத்தம் வேண்டாம்" என்றாள்.

சத்தம் போடாமல் இருந்தால் இந்த ஊரில் செத்தவனைக்கூட எடுக்க மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது. சம்பந்தி என்பதால் அதிரசத்தைக் கடித்துக்கொண்டேன். பாகு நன்றாக இறங்கியிருந்தது.

அக்டோபர் 26, வியாழன்

எழுதிவைத்துவிட்டால் தூக்கமாவது வருமா பார்க்கிறேன்.

இன்று செக்கப். ராத்திரி பெய்த மழையில் பலகை ஊறிக் கிடந்தது. நான் முன்னால், பகவதி நடுவில், இவர் பின்னால். பாதிப் பலகையில் அவள் கால் வழுக்கியது. "எம்மா" என்று ஒரு சத்தம். திரும்பினால் பிள்ளை ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள். இவர் பின்னாலிருந்து ரெண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஒரு செருப்பு குழித் தண்ணீரில் மிதக்கிறது. கீழே குழாய், உடைந்த கல், கம்பி. அதன் மேல் விழுந்திருந்தால்? எழுதவே முடியவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். "தலை எறங்கிருச்சு. இனிமே எப்ப வேணாலும் ஆகலாம். வலி வந்தா ஒடனே வண்டியில ஏத்திக் கொண்டாங்க" என்றாள். எந்த வண்டியில்? வண்டி வருகிற மாதிரியா இருக்கிறது என் வாசல்?

வீடு திரும்பியபின் தேடினால் இவர் பின்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. "எந் தப்பு" என்றார். பலகையைத் துடைக்காமல் விட்டதைச் சொல்கிறார் போலிருக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

பலகையைச் சொல்லவில்லை.

மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். கீழே இவரும் பால்துரையும். இவர் கையில் நம் வீட்டு பிளாஸ்க். டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்கிறார்: "அவ கேட்டா தீவாளி கழியட்டும்னே சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா ஆடித் தீத்துருவா." பால்துரை சொல்கிறார்: "அக்காவுக்குப் பதில் சொல்லி மாளலண்ணே. எனக்கே கஷ்டமா இருக்கு."

மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

"என்னங்க காரணம்? ரெண்டு பேருல யாரு சொல்லப் போறிய?"

இவர் டம்ளரைப் பார்த்தார். பால்துரைதான் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு வாசலில் குழியை மூடக்கூடாதாம். தோண்டும்போது அவள் இங்கே இல்லை, அதனால் தோண்டியாகிவிட்டது. மூடினால் ஆகாது. குழியில் மண் தள்ளுவது எதற்குச் செய்கிற காரியம் என்று எல்லாருக்கும் தெரியும், அதை அவள் கண்ணெதிரே செய்யலாமா? ஆட்கள் ஒருத்தரும் மம்பட்டியைத் தொடமாட்டேன் என்கிறார்களாம். பிரசவம் ஆகட்டும், மறுநாளே மூடலாம் என்று இருக்கிறார்களாம். இதைப் பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் போய் வாய்விட்டுச் சொல்வதும் ஆகாது. அதனால்தான் ரெண்டு நாள், அமாவாசை, தீபாவளி.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எங்க சம்பந்திக்கு?"

"அவிய தனியா வந்து சொல்லிட்டுப் போனாவ. மூடிராதிய, கும்பிட்டுக் கேக்கேன்னு."

ஆக, நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி ஆபீஸ் ஆபீசாக அலைந்திருக்கிறேன். அந்த மீசை தடிக்காத இன்ஜினியருக்குக்கூடத் தெரியும். எல்லாரும் சேர்ந்து என் மகளைக் காப்பாற்றுகிறார்களாம். காப்பாற்றித்தான் வியாழக்கிழமை குழிக்குள் தள்ளப் பார்த்தார்கள்!

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பால்துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாக, "எம் பொண்டாட்டி மாசமா இருக்கும்போது நான் ஒரு கெணத்த மூடினேன்க்கா. ரெண்டாவது பிள்ள தங்கல. அதுக்கப்புறம் எங்களுக்குப் பிள்ளையே இல்ல. நீங்க சிரிப்பிய. என்னால முடியாது" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்த ஆளிடம் அதற்கு மேல் கத்த முடியவில்லை. ஆனால் ஒன்று. அவர் துக்கம் அவருடையது. என் வாசலை அதற்கு எழுதிக்கொடுக்க முடியாது.

நவம்பர் 1, புதன்

ரெண்டு நாளாக இவரிடம் பேசவில்லை.

பகவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்பதையே சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படியே என் கோபம். "எம்மா, இது என் வயிறு. இதப் பத்தித் தெருவே பேசியிருக்கு, ஆபீஸ்ல பேசியிருக்கு, எங்கிட்ட ஒருத்தர் கேக்கல? நாளைக்கி மூடுவோம்" என்றாள்.

அவள் நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். என் வயிற்றில் பிறந்தவள்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு துளி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பயமாக இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், எதனால் ஆனாலும், மூடினாளே அதனால் என்றுதான் சொல்வார்கள். சாகிறவரைக்கும் சொல்வார்கள். இவர் சொல்லமாட்டார். நினைப்பார். அது போதும் என்னைக் கொல்ல.

இருக்கட்டும். நாளைக்கு மூடுகிறேன்.

நவம்பர் 2, வியாழன்

மூடியாகிவிட்டது. முதுகை நிமிர்த்த முடியவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. மாவு மில்லில் மம்பட்டியும் மண் அள்ளும் சட்டியும் இரவல் வாங்கி வந்தேன். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண்மேட்டில் இறங்கினேன். தெருவே கதவுக்குக் கதவு நின்றது. "யக்கா, வேண்டாம்க்கா" என்று டீச்சர் அழுகிற குரலில் சொன்னாள். பால்துரையின் ஆட்கள் தூரத்தில் போய்ப் புறங்கையைக் கட்டி நின்றுவிட்டார்கள். "பிள்ளைய உள்ள போகச் சொல்லுங்க, பாக்கப்பிடாது" என்று ஒரு ஆள் கத்தினான். பகவதி ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வாசல்படியிலேயே போட்டு உட்கார்ந்தாள். குழிக்கு நேரே.

முதல் மண்ணைத் தள்ளினேன். தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. ரெண்டாவது மண்ணைத் தள்ளினேன். பத்துத் தரம் தள்ளுவதற்குள் மூச்சு வாங்கியது. வயசு அறுபத்தொன்று. இடுப்பில் கை வைத்து நின்றேன். ஒருத்தரும் அசையவில்லை.

அப்போது இவர் வந்தார். சட்டையைக் கழற்றிக் கேட்டில் போட்டார். என் கையிலிருந்த மம்பட்டியை வாங்கினார். கையெழுத்துப் போடவும் பேப்பர் படிக்கவும் மட்டுமே பழகிய மனுஷர், வெறி பிடித்த மாதிரி வெட்டித் தள்ளினார். பேசாமல் இருந்த ரெண்டு நாளும் எனக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

பால்துரை தொடவில்லை. ஆனால் அவரால் சும்மாவும் நிற்க முடியவில்லை. "அண்ணே, கல்லத் தள்ளாதிய, குழா ஒடஞ்சிரும்! மொதல்ல மணலு, மொதல்ல மணலு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். பிறகு, "மிதிச்சு விடுங்கக்கா, இல்லன்னா உள்வாங்கும்" என்றார். தொடாமலே சாயங்காலம் வரை வேலை வாங்கிவிட்டார் மனுஷர். கடைசியில் டீச்சர் வீட்டுக்காரர் வந்து சட்டி சுமந்தார். மாவு மில்காரர் வந்தார். இருட்டுகிற நேரத்தில் வாசல் தெருவோடு சேர்ந்துவிட்டது.

பகவதி எழுந்து அதன் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

கனியம்மாள் மதினி போன் செய்தாள். "எம் பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒங்கள விடமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இது ஒன்றுதான் இந்த ஒரு மாசத்தில் ஒருவர் என்னிடம் தெளிவாகச் சொன்ன வார்த்தை.

நவம்பர் 6, திங்கள்

விடியும்போது வலி. மழை கொட்டுகிறது. ஆட்டோ படியை ஒட்டி வந்து நின்றது. ஏறினாள், போனோம்.

நவம்பர் 7, செவ்வாய்

நேற்று பதினொரு மணிவாக்கில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை அழவில்லை.

நர்ஸ் துணியில் சுற்றி எங்களைத் தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடினாள். "கொஞ்ச நேரம் பாக்கணும்" என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கிறவள் நான். நேற்றுக் கேட்கவில்லை. எதிர் பெஞ்சில் கனியம்மாள் மதினி. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மம்பட்டி பிடித்துக் கொப்புளம் வெடித்த கை. அதை மடியில் மறைத்துக்கொண்டேன். மறைத்தேனே என்று உடனே கோபம் வந்தது. வெளியே எடுத்து முழங்கால் மேல் விரித்து வைத்தேன். பார்த்துக்கொள். இந்தக் கைதான். இது மூடவில்லை என்றால் என் மகள் இந்நேரம் கொட்டுகிற மழையில் பலகை மேல் நின்றிருப்பாள்.

நெஞ்சு மட்டும் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அழுதாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பேத்தி, பூனைக்குட்டி மாதிரி ஆரம்பித்து, பிறகு ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி. பனிக்குடத் தண்ணீர் குடித்திருந்ததாம், உறிஞ்சி எடுத்துவிட்டார்களாம், இனிப் பயமில்லை என்றார்கள். மதினி வந்து என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இருந்தாலும் நீங்க செஞ்சது தப்பு மதினி" என்றாள். "அடுத்த பிரசவத்துக்கும் குழி இருந்தா மூடுவேன் மதினி" என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. குழந்தைக்கு வெடிச் சத்தம் ஆகாது என்று தெருவே வெடிக்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. டீச்சர் மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

நவம்பர் 18, சனி

காலையில் பால்துரை வந்தார். குழந்தையைப் பார்த்தார். தூக்கச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு ஒற்றை விரலால் பாதத்தை மட்டும் தொட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. துண்டால் துடைத்துக்கொண்டார். போகவில்லை.

"யக்கா, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"தெக்குத் தெருவுல வேல நடக்கு. அங்க ஒரு பிள்ளத்தாச்சி. ஆறு மாசம். ஆளுவ மம்பட்டியத் தொட மாட்டேங்கானுவ. நீங்க வந்து மொத மண்ணத் தள்ளிட்டியன்னா மிச்சத்த அவனுவ பாத்துக்கிடுவானுவ. அக்கா கை ராசியான கைன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "ராசியா? அந்தக் கண்றாவியக் குழியில போட்டு மூடத்தான வே நான் மண்ணே தள்ளுனேன்!" உள்ளே பகவதி சிரிக்கிற சத்தம் கேட்டது. இவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஆறு மாசம்னா, அந்தப் பிள்ள இன்னும் மூணு மாசம் பலகையிலயா நடக்கணும்?"

"அதான்க்கா சொல்லுதேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெற்குத் தெருவில் ஆட்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள், சாமியாடி வருகிற மாதிரி. குழிக்கு அந்தப் பக்கம் படியில் அந்தப் பெண். சின்னப் பிள்ளை, நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு பயந்து நிற்கிறாள். பேர் கேட்டேன். இந்திராணி என்றாள். உனக்கு இந்தக் குழி மூடணுமா வேண்டாமா என்று கேட்டேன். ஆட்களைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மூடணும் அத்தை. பலகைன்னா எனக்குக் காலு நடுங்குது" என்றாள்.

பால்துரை மம்பட்டியை என்னிடம் நீட்டினார். வாங்கி, பலகை ஏறிப் போய் அவளிடம் கொடுத்தேன். மாமியார் கத்தினாள். பால்துரை கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளை குனிய முடியாமல் நின்ற வாக்கிலேயே, படியோரம் குவிந்து கிடந்த மண்ணில் ஒரு கொத்து தள்ளினாள். ஒரு கைப்பிடி இருக்கும். விழுந்தது. அவ்வளவுதான். ஆட்கள் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ராசியான கை வேண்டும் என்றால் இனி அவளைக் கூப்பிடட்டும்.